வானில் மட்டும் கிட்டிய சமநிலை

வட பிரான்சின் பா-த-கலே மாவட்டத்தில் எஸ்தெவெல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பொது இடுகாட்டில் உள்ள ஒரு கல்லறையின்மீது வங்க எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய். பிரித்தானிய அரச விமானப் படையின் போர் விமானியாக இருந்த அவர், 1918 ஜூலை 22 அன்று கார்வின் நகருக்கு மேலே நடந்த வான்போரில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு அகவை 19.

அம்மாதம் 6ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை பத்து எதிரி விமானங்களை வென்றவர் அவர். முதல் உலகப் போரில் இந்தியர் வேறெவரும் எட்டாத எண்ணிக்கை அது. ஆயினும் அவர் பெயரைக் கேட்ட அளவில் இன்னார் என்று அறிந்துகொள்வோர் நம்மிடையே மிகச் சிலரே. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் போரிட்டது நம் கொடியின்கீழ் அன்று. நம்மை ஆண்டவர்தம் கொடியின்கீழ். அக்கொடியின்கீழ் மாண்டோரை எவ்வாறு நினைவுகூர்வது என்பதை இந்நாடு இன்னும் தெளிவாக முடிவு செய்யவில்லை. பேரரசின் விசுவாச மைந்தர் என்று அவரைப் போற்றுவது வெள்ளையர் எழுதிய கதையைத் திருப்பிச் சொல்வதாகும். அந்நியனுக்கு உழைத்தவர் என்று தள்ளிவிடுவதோ, ஒரு பத்தொன்பது அகவை இளைஞரின் வாழ்வைப் படியாமலே தீர்ப்பெழுதுவதாகும். அவ்வாழ்வைச் சற்றே நின்று பார்ப்பது தகும்.

1898 டிசம்பர் 2 அன்று பிறந்தவர் இந்திர லால். குடும்பத்தின் வேர் இன்றைய வங்கதேசத்துப் பாரிசாலில் இருந்தது. தந்தை பியாரி லால் ராய் வழக்கறிஞர். தாய் லலிதா ராயின் தந்தையான சூரிய குமார் குடீவ் சக்கரவர்த்தி, மேலை மருத்துவம் பயின்ற முதல் இந்தியர்களுள் ஒருவர். பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் இலண்டனில் குடியேறியிருந்தது. 1911 ஜூன் 17 அன்று, வாக்குரிமை கோரிப் பல்லாயிரம் பெண்கள் இலண்டன் வீதிகளில் அணிவகுத்தனர். அவ்வணிவகுப்பில் சேலை உடுத்து நடந்த இந்தியப் பெண்களுள் லலிதா ராயும் ஒருவர். ஆட்சியாளரிடம் பணிந்து கிடந்த வீடு அன்று என்பதை இச்செய்தி ஒன்றே காட்டும். உரிமை என்பது கேட்டுப் பெறப்படுவது என்று கண்ட தாயின் மகன் அவர். அவர் பயின்ற செயின்ட் பால்ஸ் பள்ளி இங்கிலாந்தின் உயர்குடிப் பிள்ளைகள் கற்ற இடம். உடன் பயின்ற தோழர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போர்முனைக்குச் சென்றபோது, தாமும் செல்ல வேண்டும் என்று அவர் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் தோழர்களுக்குத் திறந்திருந்த கதவு அவருக்குத் திறந்திருக்கவில்லை. அரச விமானப் பிரிவில் அதிகாரப் பொறுப்பு ஏற்போர் கலப்பற்ற ஐரோப்பிய வழியினராக இருத்தல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. ராவல்பிண்டியில் பிறந்து ஆக்சுபோர்டில் பயின்ற ஹர்தித் சிங் மாலிக், இவ்விதியை முதலில் மோதிப் பார்த்தவர். பிரித்தானியப் படை அவரை ஏற்கவில்லை. அவர் பிரான்சுக்குச் சென்று செஞ்சிலுவைச் சங்கத்தின் நோயாளர் ஊர்தி ஓட்டினார். பிரெஞ்சு விமானப் படை தம்மைச் சேர்த்துக்கொள்ள இசைந்ததும் அச்செய்தியை ஆக்சுபோர்டில் இருந்த தம் ஆசிரியருக்கு எழுதினார். பிரித்தானியக் குடிமகனாகிய ஒருவரைப் பிரெஞ்சுக்காரர் ஏற்கும்போது நாம் மறுப்பது இழிவன்றோ என்று அவ்வாசிரியர் விமானப் பிரிவின் தலைமைத் தளபதி ஹெண்டர்சனுக்கு எழுதிக் கேட்டார். அதன் பிறகே மாலிக்குக்கு இடம் கிடைத்தது. பேரரசின் பெருந்தன்மை கதவைத் திறந்துவிட்டதாக எண்ணுவோர் இக்கடிதத்தை நினைவிற்கொள்ளுதல் நலம்.

மாலிக்கும் ராயும் படையில் சேர்ந்தது 1917 ஏப்ரலில். அம்மாதத்துக்குப் பிரித்தானிய விமானப்படை வரலாற்றில் தனிப் பெயர் உண்டு: குருதி ஏப்ரல். ஆராஸ் போர்முனையில் அம்மாதம் மட்டும் 240க்கும் மேற்பட்ட பிரித்தானிய விமானங்கள் அழிந்தன. முனைக்கு வந்த புதிய விமானிகளுள் பலர் சில வாரங்கள்கூட உயிர் தரிக்கவில்லை. ஆள் தேவை அத்துணைக் கடுமையாக இருந்த வேளையில்தான் இந்தியரின் நிறம் சற்றே மங்கலாகத் தெரியத் தொடங்கியது. இதைத் தற்செயல் என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

ராய்க்கு மற்றொரு தடையும் இருந்தது. கண்பார்வை போதாது என்று படை மருத்துவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினர். அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்றார். அப்பணத்தைக் கொண்டு நாட்டின் தலைசிறந்த கண் மருத்துவர் ஒருவரிடம் தம் கண்களைக் காட்டினார். பார்வை நன்று என்று அவரிடம் சான்று பெற்று மீண்டும் படையின் வாயிலில் வந்து நின்றார். 1917 ஜூலை 5 அன்று அதிகாரப் பொறுப்பும், அக்டோபர் இறுதியில் புகழ்பெற்ற 56ஆம் படையணியில் இடமும் கிடைத்தன. பதினெட்டு அகவையினர் செய்கின்ற செயல்தான் இது என்று சிலர் புன்னகைக்கக்கூடும். எனினும், தாம் தகுதியற்றவர் என்று அதிகாரம் சொன்னதை ஏற்க மறுத்துத் தம் கைப்பொருளைச் செலவிட்டு அதைப் பொய்யாக்கிய அந்த உறுதி, தாயிடமிருந்து வந்த சொத்தென்றே நமக்குத் தோன்றுகிறது.

டிசம்பர் 6 அன்று அவருடைய எஸ்.இ.5ஏ விமானம் நொறுங்கி விழுந்தது. இறந்துவிட்டதாகக் கருதிப் பிணவறையில் கிடத்தினர் என்றும், நினைவு மீண்டு கதவைத் தட்டியபோது காவலர் அஞ்சி நின்றனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. போர்க்களக் கதைகள் வாய்க்கு வாய் வளரும் இயல்புடையவை. இதற்கு நாம் பெரிதும் மதிப்பளிக்கவில்லை. நாம் மதிப்பது அதன் பின் வந்த மாதங்களை. பறக்கும் உடல்தகுதி இல்லை என்று நிலத்தில் நிறுத்தப்பட்ட அக்காலத்தில் அவர் ஓயாமல் விமானங்களை வரைந்துகொண்டிருந்தார். அவ்வோவியங்களுள் பல இன்றும் எஞ்சியுள்ளன. மீண்டும் மருத்துவரோடு போராடிப் பறக்கும் இசைவைப் பெற்று, 1918 ஜூனில் 40ஆம் படையணியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த தலைவர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்னும் அயர்லாந்துக்காரர். வான்போர்க் கலையில் அன்று அவருக்கு நிகரானோர் வெகு சிலரே. முன்பு தடுமாறிய மாணவர் இந்த ஆசிரியரிடம் தேறினார்.

எஸ்.இ.5ஏ ஒருவர் மட்டும் அமரும் ஈரடுக்குச் சிறகு விமானம். சுழலும் விசிறியின் இடைவெளி பார்த்துச் சுடும்படி இணைக்கப்பட்ட விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி ஒன்று. மேற்சிறகின்மீது லூயிஸ் துப்பாக்கி ஒன்று. பின்னதன் தோட்டா வட்டு தீர்ந்துவிட்டால், பறந்துகொண்டே துப்பாக்கியைக் கீழே இழுத்து வேறு வட்டு பொருத்த வேண்டும். மேற்கூரை இல்லை. பதினைந்தாயிரம் அடிக்கு மேலே உறைகுளிரில், மூச்சுக்குக் காற்றும் போதாத உயரத்தில், கையும் காலும் கண்ணும் ஒருங்கே விழித்திருக்க வேண்டும். பின்னால் வருபவனை முன்னமே காணாதவன் அடுத்த கணம் இருப்பதில்லை. பார்வை போதாது என்று விலக்கப்பட்ட ஒருவர் இத்தொழிலில்தான் சிறந்து விளங்கினார்.

ஜூலை 6 அன்று த்ரோக்கூருக்கு மேலே ஒரு ஹன்னோவர் விமானத்தை வீழ்த்தி அவர் கணக்கு தொடங்கியது. இருவர் பறக்கும் அவ்விமானம் ஏமாற்று வல்லது. வால் அமைப்பினால் தொலைவிலிருந்து காண்போருக்கு ஒற்றையர் விமானம் போலத் தோன்றும். நம்பி நெருங்கினால் பின்னிருக்கையில் இருப்பவனின் துப்பாக்கி எதிர்கொள்ளும். அதன் பின் ஜூலை 8 அன்று நான்கு மணி நேரத்துக்குள் மூன்று வெற்றிகள்: இரண்டு ஹன்னோவர், ஒரு ஃபோக்கர் டி-7. ஜூலை 13இல் இரண்டு. ஜூலை 15இல் இரண்டு, அவையிரண்டும் ஃபோக்கர் டி-7. இந்த ஃபோக்கர் எத்தகையது என்பதை அறிய ஒரு செய்தி போதும். நவம்பரில் ஜெர்மனி போர்நிறுத்தத்துக்குப் பணிந்தபோது, ஒப்படைக்க வேண்டிய கருவிகளின் பட்டியலில் நேச நாடுகள் இவ்விமானத்தைப் பெயர் சுட்டியே கேட்டு வாங்கின. ஜூலை 18இல் ஒன்று. மறுநாள் கான்யிக்கூருக்கு மேலே மற்றுமொரு ஹன்னோவர். 170 மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பறப்பில் பத்து வெற்றிகள்; அவற்றுள் இரண்டு தோழர்களோடு பகிர்ந்துகொண்டவை. மூன்று நாள் கழித்து ஜெர்மானியரின் 29ஆம் வேட்டைப் படையணியின் ஃபோக்கர்களோடு பொருதபோது அவருடைய விமானம் தீப்பற்றி வீழ்ந்தது.

வெற்றி என்னும் சொல்லை நாம் தயக்கத்தோடுதான் எழுதுகிறோம். அக்காலப் பதிவுகளில் அழிக்கப்பட்டவையும், கட்டிழந்து கீழே சுழன்று சென்றவையும் ஒருசேர வெற்றியெனவே எண்ணப்பட்டன. ராயின் பத்தில் பாதி இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சுழன்று சென்றவற்றுள் எத்தனை பேர் பிழைத்து வீடு திரும்பினர் என்பதைப் பதிவேடு கூறாது. ஆனால் அழிக்கப்பட்ட விமானங்களில் இருந்தோரும் ராயை ஒத்த அகவையினரே; அவர்களுக்கும் இல்லங்களில் தாயர் இருந்தனர். வீரத்தை எழுதும் ஏடு இதை மறைத்து எழுதுதல் கூடாது.

மறைக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. பிரித்தானிய விமானிகளுக்கு அப்போர் முடியும்வரை வான்குடை வழங்கப்படவில்லை. பலூனில் ஏறி வேவு பார்த்தோருக்கு அது இருந்தது. 1918இல் ஜெர்மானிய விமானிகளும் அதை அணியத் தொடங்கியிருந்தனர். பிரித்தானியத் தலைமை மட்டும் தன் விமானிகளுக்கு அதைத் தரவில்லை. தீப்பிடித்த விமானத்தில் இருந்தவர் எரிவதா குதிப்பதா என்பதை மட்டுமே தேர்ந்துகொள்ள முடிந்தது. இந்த ஒரு பொருளில் பேரரசு வெள்ளையர் என்றும் இந்தியர் என்றும் வேறுபாடு காட்டவில்லை.

ராய் மாண்ட நான்காம் நாள், 40ஆம் படையணியில் முன்பு பணியாற்றிய மாபெரும் வான்வீரர் மிக் மன்னாக், தாம் வீழ்த்திய விமானத்தைத் தொடர்ந்து தாழப் பறந்து தரையிலிருந்து வந்த தோட்டாவுக்குப் பலியானார். தாழ இறங்காதே என்று இளையோருக்கு இடையறாது அறிவுறுத்தியவர் அவரே. ஜூலை 31 அன்று மெக்கெல்ராயும் தரைச்சூட்டில் மடிந்தார். மாணவர், ஆசிரியர், ஆசிரியருக்கு ஆசிரியர் என்று மூவரையும் பத்து நாள்களில் போர் விழுங்கியது.

ராயோடு அப்படையில் பறந்த இந்தியர் மேலும் மூவர். மாலிக் 1917 அக்டோபர் 26 அன்று காலில் குண்டடிபட்டு, துளைக்கப்பட்ட விமானத்தோடு நம் பக்கம் வந்து விழுந்து உயிர் தப்பினார். 1985இல் மறையும்வரை அக்குண்டுகள் அவர் உடலிலேயே இருந்தன. எரோல் சந்தர் சென் 1917 செப்டம்பரில் சிறைப்பட்டுப் போர் முடியும்வரை ஜெர்மானிய முகாமில் அடைபட்டிருந்தார். பம்பாயைச் சேர்ந்த வெலிங்கர் 1918 ஜூன் இறுதியில் சுடப்பட்டு எதிரியின் காவலில் இறந்தார். மேலே ‘நம் பக்கம்’ என்று எம் பேனா எழுதிவிட்டது. யாருடைய பக்கம் அது? அடித்துத் திருத்தாமல் விடுகிறோம். அக்குழப்பம் இந்நால்வருக்கும் இருந்திருக்கும்.

அவர்கள் பறந்த வானுக்குக் கீழே கிடந்த மண்ணைப் பார்ப்போம். எஸ்தெவெல்லுக்கு அண்மையிலேயே நெவ் ஷாப்பேல் இருக்கிறது. 1915 மார்ச்சில் இந்தியப் படைப்பிரிவுகள் அங்கே பெரும்போர் புரிந்தன. கல்லறை என ஒன்றும் எஞ்சாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் அங்கு எழுப்பப்பட்ட நினைவகச் சுவரில் உள்ளன. அப்போர் முழுவதற்கும் கடல்கடந்து சென்ற இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். மீளாதவர் சுமார் 74,000. அவர்களுள் இருபது ஆண்டு போர்த்தொழில் கண்ட சுபேதார்கூட, நேற்று முகம் மழித்த வெள்ளைக்காரத் துணை லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவரே. இந்திய அதிகாரியின் ஆணை வெள்ளைச் சிப்பாயைக் கட்டுப்படுத்தாது. ராய் இவ்வேலிக்கு மேலே பறந்தார். 40ஆம் படையணியில் அவர் ஏனையோரைப் போன்ற அதிகாரி. உணவு மேசையில் ஒரே வரிசை. வானில் ஒருவர் முதுகை ஒருவர் காத்தாக வேண்டிய நிலை. அங்கே நிறம் பார்த்துக்கொண்டிருந்தால் உயிர் எஞ்சாது. 1918 செப்டம்பர் 21 அன்று வெளியான அறிவிக்கையில், மறைவுக்குப் பின் அவருக்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அறிவிக்கை அவர் வெற்றிகளை ஒன்பது என்றே குறித்தது.

விருது வழங்கிய கை அடுத்து என்ன செய்தது என்பதே நாம் இத்தலையங்கத்தை எழுத நேர்ந்த காரணம்.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் நடந்ததை நம் குழந்தைகளும் அறிவர். மறுநாள் குஜ்ரன்வாலாவில் நடந்ததைப் பெரியோரும் அறியார். அவ்வூரில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இலாகூரிலிருந்து அரச விமானப் படையின் விமானங்கள் அனுப்பப்பட்டன. ஊர்மீதும் சுற்றுப்புறச் சிற்றூர்கள்மீதும் அவை குண்டு வீசின; இயந்திரத் துப்பாக்கியால் மக்களைச் சுட்டன. கால்சா பள்ளியின் மாணவர் விடுதியும் குண்டுக்குத் தப்பவில்லை. இவற்றைச் செய்ததை, ஹண்டர் விசாரணைக் குழுவின்முன் அவ்விமானங்களுள் ஒன்றை ஓட்டிய கார்பெரி தாமே உரைத்தார். ராய் எந்தப் படையின் சீருடையில் எரிந்து வீழ்ந்தாரோ, அதே படை, அவர் மறைந்து ஒன்பது மாதங்கள் நிறைவதற்குள், அவருடைய நாட்டவர் தலைமீது குண்டு வீசியது. மாலிக்கின் பஞ்சாபும் அதுவேதான்.

வாயிலும் அடைக்கப்பட்டது. போர் முடிந்தபின் மாலிக் விமானப் படையை நீங்கி ஆட்சிப் பணியில் சேர்ந்தார். பின்னாளில் பிரான்சில் இந்தியத் தூதராக இருந்தார். போருக்குப் பின் பத்தாண்டுக்கும் மேலாக இந்தியர் எவரும் போர் விமானத்தின் இருக்கையில் அமர இடம் தரப்படவில்லை. இந்தியருக்கு இயந்திர அறிவு போதாது, தலைமை தாங்கும் இயல்பு இல்லை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. பத்து விமானங்களை வீழ்த்திய ஒருவரின் கல்லறை பிரான்சில் இருக்கும்போதே இவ்வாறு பேச முடிந்ததை என்னவென்பது! ஜின்னா முதலியோர் இடம்பெற்ற ஸ்கீன் குழு, விமானப் படையிலும் இந்தியருக்கு இடம் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியதாயிற்று. 1930இல் தான் முதல் இந்திய மாணவர்கள் க்ரான்வெல் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப் படை ஏட்டளவில் பிறந்தது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் அதன் முதல் படையணி எழுந்தபோது கையில் இருந்தவை நான்கு பழைய வாபிட்டி விமானங்கள். அதில் பறந்தவர்களுள் ஒருவர் ராயின் உறவினரான சுப்ரதோ முகர்ஜி. 1954இல் அப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானவர் அவரே.

ஆகவே எம் முடிவு இது. பேரரசு ராய்க்குத் தந்த சமநிலை இடர் நிறைந்த இடத்தில் மட்டும், ஆள் தேவைப்பட்ட காலத்துக்கு மட்டும் தரப்பட்டது. தேவை தீர்ந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. ஒரு பதக்கத்தை அவர் வீட்டுக்கு அனுப்புவது அரசுக்கு எளிதாக இருந்தது. அவர் தம்பிமார்க்கு அதே இருக்கையைத் தருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இதில் குறை ராயினுடையது அன்று. தகுதி இல்லை என்ற சொல்லைத் தம் உடலால் பொய்ப்பித்தவர் அவர். அவ்வளவில் அவர் நமக்காகவும் ஒரு வழக்கை வென்றார். அவ்வழக்கின் தீர்ப்பை நிறைவேற்ற மறுத்தவர்களே குற்றவாளிகள்.

விடுதலை பெற்ற இந்தியா அவரை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பிறந்து நூறாண்டு நிறைந்த 1998இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. கொல்கத்தாவில் ஒரு தெரு அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஆனால் அஞ்சல்தலையும் தெருப்பெயரும் வீரத்தை மட்டுமே சொல்லும்; வீரத்தைப் பயன்படுத்திக்கொண்ட அரசின் நெறியைச் சொல்லா. தமிழகத்தில் முதல் உலகப் போர் என்றவுடன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கலங்களைச் சுட்டெரித்த எம்டன் கப்பலே நினைவுக்கு வருகிறது. அக்கப்பல் நம் கரையைத் தொட்டுச் சென்றதால் அது இயல்பே. எனினும் நம் பள்ளி மாணவர் அறிய வேண்டுவன அப்போரில் இன்னும் பல.

பாடநூல் எழுதுவோரிடம் எம் வேண்டுகோள் ஒன்றே. இந்திர லால் ராயைப் பற்றி எழுதுங்கள். குஜ்ரன்வாலாவைப் பற்றியும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடுங்கள்.